ஈரப் புடவைக்கு ஓர் அறை

சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு நளதீர்த்தக் கரையில் விடிகிறபோதே நல்லெண்ணெய் மணக்க ஆரம்பித்துவிடும். காரைக்கால் டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை அந்தப் பக்கம் போக மாட்டார்கள். கூட்டம் குறைந்த வேறொரு நாளில் தர்ப்பாரண்யேஸ்வரரைப் பார்த்துவிட்டு, அப்படியே சனீஸ்வரனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இந்த மாமியாரும் மருமகளும் அன்றைக்குச் சனிக்கிழமையே போனதற்குக் காரணம், மாமியாரின் வேண்டுதல். எழுபத்து நான்கு வயது. இரண்டு முட்டியிலும் வலி. வலது தோள் முழுதாகத் தூக்க வராது. "குளத்துல முழுகிட்டுத்தான் உள்ள போவேன்" என்று பிடிவாதம்.

முழுகினார். அதில் கஷ்டமில்லை. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கி, எண்ணெய்த் தலையோடு மூன்று முழுக்கு. கஷ்டம் கரையேறிய பிறகுதான். உடை மாற்றும் அறைக்கு முன்னால் பெண்கள் வரிசை நீண்டு நின்றது. ஈரப் புடவையோடு அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்று மாமியார் ஓர் ஓரமாக ஒதுங்கினார். மருமகள் உலர்ந்த புடவையை இரண்டு கையாலும் அகல விரித்துத் திரையாகப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அம்மாள், கேட்காமலேயே அந்தப் பக்க முனையைப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் துண்டைச் சுற்றி, வேட்டியை உதறிக் கட்டி, அரை நிமிடத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள்.

திரைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏம்மா, நீ ஊர் ஊரா போயி வீடு வரைஞ்சு குடுக்கறியே, இந்த மாதிரி ரூம் ஒண்ணு வரைஞ்சிருக்கியா?"

மருமகள் படித்தது ஆர்க்கிடெக்சர். பதினைந்து வருட அனுபவம். வீடு, கடை, ஒரு கல்யாண மண்டபம், இரண்டு பள்ளிக்கூடம் என்று பட்டியல் உண்டு.

"இல்லத்தை" என்றாள்.

"யாருமே வரையறதில்ல போல" என்றார் மாமியார், கொசுவத்தை இடது கையால் செருகிக்கொண்டே.

அந்த வார்த்தை அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் திருநள்ளாற்றுக் குளத்தின் கதையே உடையைப் பற்றிய கதைதான். கை கால் கழுவும்போது குதிகாலில் ஓர் இடம் நனையாமல் விட்டதால்தான் நளனைப் பீடை பிடித்தது என்பார்கள். பாரதக் கதையில் அது கலி. இந்த ஊரில் அது சனி. சூதாட்டத்தில் நாட்டை இழந்த நளன், கட்டியிருந்த ஒற்றைத் துணியைப் பறவை மேல் வீசிப் பிடிக்கப் பார்க்க, பறவை துணியோடு பறந்துபோனது. ஒரே புடவையைத் தமயந்தியும் அவனும் பகிர்ந்து உடுத்தினார்கள். நடுக்காட்டில் அதையும் பாதியாக அறுத்துக்கொண்டு அவளை விட்டுப் போனான். பிறகு கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்து உருமாறி, அதே பாம்பு கொடுத்த ஆடையை உடுத்தித்தான் பழைய உருவத்தைத் திரும்பப் பெற்றான். துணியை இழந்து, துணியால் மீண்ட ராஜாவின் பெயரில் இருக்கும் குளம் இது. இங்கே வருகிறவர்கள் பழைய துணியைக் குளத்தோடு விட்டுவிட்டுப் புதுசு உடுத்துவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. தண்ணீரில் துணியைப் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் பாதிப் பேர் காதில் விழுவதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியென்றால் இந்த இடத்தில் உடை மாற்றுவது குளியலுக்குப் பிறகான சில்லறை வேலை இல்லை. வழிபாட்டில் அதுவும் ஒரு பாதி. அந்தப் பாதிக்குக் கிடைக்கிற கட்டடம்தான், நம் நாட்டில் எந்தக் குளக்கரையிலும் எந்த நீச்சல் குளத்திலும், கடைசியாக யோசிக்கப்படுகிற கட்டடம்.

பொது நீச்சல் குளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துக்கு நீல டைல்ஸ் போடுவார்கள், வடிகட்டும் இயந்திரம் மாற்றுவார்கள், திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவார்கள். லாக்கர் ரூம் பக்கம் போனால் அதே பழைய வாடை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, கொக்கி பிடுங்கிய சுவர், தண்ணீர் தேங்கிய மூலை. "சீரமைப்பு" என்று ஒரு வேலை வந்தால் அது பெரும்பாலும் பழைய டைல்ஸை உடைத்துப் புது டைல்ஸ் ஒட்டுவதாக முடிகிறது. புதுசு பளபளவென்று இருக்கும். எண்ணெய்க் கால் வைத்தால் வழுக்கும்.

"இத்தனூண்டு ரூமுக்கு ஆர்க்கிடெக்ட் எதுக்கு? மேஸ்திரி போதாதா?" என்று கேட்கிற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். மருமகளே சில வருஷம் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் கல்லூரியில் படித்த ஒரு கட்டடம் இப்போது வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ட்ரென்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் குளம். யூதர்களின் சமுதாயக் கூடம் ஒன்றுக்காக அமைந்தது. அதன் உடை மாற்றும் அறைகளை வரைந்தவர் லூயி கான். ஆமாம், பின்னால் அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். கட்டடங்களைக் கட்டிய அதே லூயி கான். 1974-ல் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்புகிற வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனாரே, அவர்தான். ட்ரென்டனில் அவர் போட்ட திட்டம் பெரியது. அதில் பெரும்பகுதி கட்டப்படவே இல்லை. கட்டி முடிந்த கொஞ்சத்தில் முக்கியமானது 1955-ல் எழுந்த இந்தக் குளியல் கட்டடம். வெறும் சிமெண்ட் பிளாக் சுவர், மரக் கூரை. தன்னைத் தானே கண்டுகொண்டது அந்தச் சின்னக் கட்டடத்தில்தான் என்ற பொருளில் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஆன் டிங் என்ற பெண் ஆர்க்கிடெக்டின் பங்கும் அதில் பெரியது என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதன் அமைப்பை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலு பக்கமும் நாலு சதுர மண்டபங்கள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, ஒன்றில் துணிமணிகளைக் கூடையில் வாங்கி வைப்பார்கள், இன்னொன்று குளத்துக்கு ஏறிப் போகிற வழி. ஒவ்வொன்றின் மேலும் கூம்பு போன்ற கூரை. அந்தக் கூரை சுவரின் மேல் உட்காரவில்லை. மூலைகளில் இருக்கிற தூண்களின் மேல் நிற்கிறது. அதனால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி. காற்றும் வெளிச்சமும் அந்த வழியாக வரும். பார்வை வராது. தூண்களோ சாதாரணத் தூண்கள் இல்லை, உள்ளே கூடானவை. ஒரு தூணுக்குள் கழிப்பறை. இன்னொரு தூணுக்குள் வளைந்து நுழைகிற வழி. நேராகப் பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது. அதனால் கதவே தேவைப்படவில்லை. கதவு இல்லாவிட்டால் தாழ்ப்பாள் இல்லை, கீல் இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை.

காலம் போனதில் அதுவும் சீரழிந்தது. கூரை பழுது, சுவர் பழுது. இடித்துவிட்டு வேறு கட்டியிருக்கலாம். செய்யவில்லை. மெர்சர் கவுண்டி நிர்வாகம் அதை வாங்கி, பழைய கட்டடங்களைப் பராமரிப்பதில் தேர்ந்த ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தை அமர்த்தி, 2010 வாக்கில் சீரமைத்தது. ஒரு நீச்சல் குளத்து லாக்கர் ரூமுக்காக!

முற்றம், நாலு பக்கச் சாய்ப்பு, கூரைக்குக் கீழே காற்று. காரைக்காலின் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரியாது. கிணற்றடியில் குளித்துவிட்டு, முற்றத்தைத் தாண்டாமல் தாழ்வாரத்து ஓரமாகவே போய்ப் புடவை மாற்றிய பாட்டிகள் கண்ட ஏற்பாடுதான். குளக்கரைக்கு வந்தபோது அதை எங்கேயோ தொலைத்துவிட்டு, மூன்றடிக்கு மூன்றடிப் பெட்டியை வரிசையாக அடுக்கக் கற்றுக்கொண்டோம்.

மூன்றடிப் பெட்டிக்குள் புடவை கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்தரை மீட்டர் துணி. கொசுவம் வைக்கக் கையை நீட்ட வேண்டும். முந்தானையைத் தோளுக்கு மேல் வீச வேண்டும். கழற்றிய ஈரத் துணி ஒரு பக்கம், உலர்ந்த துணி ஒரு பக்கம், பணப்பையும் தாலிச் சங்கிலியும் ஒரு பக்கம் வைக்க வேண்டும். தரை முழுக்க ஈரம் என்றால் உலர்ந்த புடவையின் கரை முதல் சுற்றிலேயே நனைந்துவிடும். உட்கார இடம் இல்லாத கிழவி சுவரைப் பிடிப்பாள். சுவரில் எண்ணெய்க் கை. ஆண் ஒருவர் மாற்றுகிற நேரத்தைப் போலப் பல மடங்கு இங்கே ஆகிறது. ஆனால் ஆணுக்குப் பத்து அறை என்றால் பெண்ணுக்கும் பத்து என்று சமமாகப் போட்டுவிட்டு அதை நியாயம் என்று சொல்லிக்கொள்கிறோம். வரிசை பெண்கள் பக்கம் மட்டும் நீள்வதற்குக் காரணம் பெண்களின் மந்தம் இல்லை, அந்தக் கணக்கு.

இன்னும் ஒன்றை இந்தக் காலத்தில் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் எதிரே இருந்த தனியார் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா இருந்ததை, நீராட வந்த ஒரு பெண் கண்டுபிடித்தார். இரண்டு பேர் கைதானார்கள். சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் சட்டம் வருவது படம் எடுத்த பிறகு. வரைகிறவர் நினைத்தால் அதற்கு முன்னாலேயே கொஞ்சம் தடுக்கலாம். பொய்க்கூரை வேண்டாம். சுவரில் மாடம், பொந்து, தேவையில்லாத பெட்டி வேண்டாம். சாதாரண வெற்றுச் சுவர், மேலே எட்டாத உயரத்தில் காற்றுக்கு வழி. லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கிக் கட்டிய ஜாலிச் சுவர்கள் அழகுதான், சிக்கனமும்கூட. ஆனால் இந்த அறையில் அது ஆள் உயரத்துக்கு மேலேதான் வர வேண்டும். கண் மட்டத்தில் ஓட்டை வைத்தால் அது அழகு இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், மாமியார் சாப்பிட்டுப் படுத்த பிறகு, மருமகள் ஒரு தாளை எடுத்து வரைய உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை. கட்டணமும் இல்லை. ஒரு குளத்துக்கு, எந்தக் குளமாகவும் இருக்கட்டும், உடை மாற்றும் அறை.

முதலில் இரண்டு பக்கம். காரைக்காலில் பிரான்ஸில் உறவு இருக்கிற குடும்பங்கள் உண்டு. இவளுக்கு நாத்தனார் பாரீஸுக்குப் பக்கத்தில். அங்கே பொது நீச்சல் குளங்களில் உடை மாற்றும் அறைக்கு இரண்டு கதவு என்று நாத்தனார் சொன்னது நினைவு இருந்தது. செருப்புக் காலோடு வருகிற பக்கம் ஒன்று, வெறுங்காலோடு குளத்துக்குப் போகிற பக்கம் ஒன்று. தெருப் புழுதி குளத்துக்குப் போகாது, குளத்து ஈரம் தெருப் பக்கம் வராது. குளக்கரைக்கு அதைத் திருப்பிப் போட்டாள். ஈரத்தோடு குளத்துப் பக்கம் நுழைந்து, உலர்ந்து கோயில் பக்கம் வெளியேறுவது. ஒரே வாசலில் நனைந்தவரும் உலர்ந்தவரும் இடித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே வருகிறவர் வெளியே வருகிறவருக்காக வழிவிட்டு நிற்கவும் வேண்டாம்.

அறை ஐந்தடிக்கு நாலடி. ஒரு பக்கம் கல் திண்ணை. தரைக்குப் பளபளப்பு இல்லாத, கொத்திய கருங்கல். குளத்துப் பக்கம் நோக்கி நாலடிக்கு அரை அங்குலச் சரிவு. எண்ணெய்த் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போனால் நாலு மாதத்தில் அடைக்கும் என்று அதற்கு ஒரு தொட்டி. எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியிலிருந்து வெளியேறும். மேலே நிற்கிறதை வாரம் ஒரு தடவை வழித்தெடுத்தால் போதும். ஷாம்பு பாக்கெட் சிக்க ஒரு சல்லடை. பழைய துணி போடத் தெருப் பக்கமாகத் திறக்கிற பெரிய தொட்டி, அதுவும் குளத்துக்கு இறங்குகிற வழியிலேயே, கண்ணில் படுகிற மாதிரி. தண்ணீருக்குள் போடாதே என்று போர்டு வைப்பதைவிடக் கை எட்டுகிற இடத்தில் தொட்டி வைப்பது நல்லது என்பது அவள் கட்சி.

கீல், கொக்கி, கைப்பிடிக்கெல்லாம் 316 தர எவர்சில்வர் என்று ஓரத்தில் எழுதினாள். கடல் பக்கத்தில் சாதாரண இரும்பு எத்தனை நாள் தாங்கும்? உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள்ளே இருக்கிற கம்பியையே தின்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் மேலே இருக்கிற பூச்சை உதிர்க்கும். காரைக்காலில் மாடி வீடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

சக்கர நாற்காலிக்கு ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு இது தயவு இல்லை, கடமை. அதோடு கொஞ்சம் பெரிய அறை ஒன்று, கதவில் ஆண் பெண் படம் எதுவும் இல்லாமல். அம்மாவைக் கூட்டி வந்த மகனும், சின்னப் பெண்ணைக் கூட்டி வந்த அப்பாவும், எந்த வரிசையில் நிற்பது என்று தயங்குகிற திருநங்கையும் போவதற்கு.

கூட்டக் கணக்குதான் அவளை நிறுத்தியது. சாதாரணச் சனிக்கிழமை ஒரு மாதிரி. சனிப்பெயர்ச்சி இன்னொரு மாதிரி. 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 என்று, கணக்குக்கு இரண்டரை ஆண்டு, வாக்கியப் பஞ்சாங்கத்தில் மூன்று ஆண்டு இடைவெளியில்கூட வருகிற திருவிழா. அன்றைக்கு வருகிற லட்சக்கணக்கானவர்களுக்கு நிரந்தரமாக அறை கட்டினால் மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். பூட்டிய அறை சீக்கிரம் பாழாகும். அதனால் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் கட்டடம். பெயர்ச்சிக்குப் பக்கத்துத் திடலில் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் மட்டும் நிரந்தரமாகப் பதித்துவிடுவது. மேலே தகரமோ துணியோ அப்போதைக்குக் கட்டிக்கொள்ளலாம். பந்தல்காரர்கள் இரண்டே நாளில் முடிப்பார்கள்.

இதையெல்லாம் யாராவது அமர்த்தினால்தான் செய்ய முடியும். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். அது பட்டத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் பொது வேலை என்றால் டெண்டர். டெண்டர் என்றால் குறைந்த தொகை. செங்கல்லுக்கு அது சரி, ஒரே தரத்துச் செங்கல் யாரிடம் வாங்கினாலும் செங்கல்தான். யோசனைக்கு அது சரிப்படாது. மத்திய அரசின் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, ஆலோசகரை அமர்த்தும்போது தரத்துக்கும் தொகைக்கும் சேர்த்து மதிப்பெண் போடலாம் என்கின்றன. வழி இருக்கிறது. உடை மாற்றும் அறை போன்ற சின்ன வேலைக்கு அந்த வழியில் போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வேலைச் செலவில் சில சதவீதம் மிச்சம் என்று ஆர்க்கிடெக்டை விட்டுவிட்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை டைல்ஸ் மாற்றுகிற செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு, இது அவள் தொழில்காரர்களுக்கே உறைக்க வேண்டியது. அமர்த்தினால் மட்டும் போதுமா? அமர்த்தப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை குளக்கரையில் நின்று பார்க்கவில்லை என்றால், கம்ப்யூட்டரில் அழகான படம் ஒன்று வரும், அவ்வளவுதான். பெண்கள் அறைக்குள் போய்ப் பார்க்க முடியாதவர் வெளியே வருகிறவர்களிடம் கேட்கலாம். கூட்டிப் பெருக்குகிற பெண்களிடம் கேட்கலாம். எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கதவு ஒட்டாது, எது முதலில் உடைகிறது என்பதெல்லாம் எஸ்டிமேட் போடுகிறவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் மாமியார் எழுந்து வந்தபோது தாள் மேஜையில் கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன, திண்ணையா?"

"ஆமாத்தை. நீங்க உக்காந்துகிட்டே பாவாடைய மாத்திக்கலாம்."

"இது?"

"கொக்கி. உலந்த புடவைய மாட்ட."

மாமியார் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எவ்வளவு உசரத்துல வச்சிருக்க?"

"அஞ்சடி."

"எனக்கு எட்டாது."

மருமகள் உள்ளே போய் டேப்பை எடுத்துவந்தாள். மாமியார் சுவரோரமாக நின்று, வலது கையை வலிக்காமல் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கி, விரல் நுனியைச் சுவரில் வைத்தார். நாலடி இரண்டு அங்குலம். மருமகள் ஐந்தடியை அழித்துவிட்டு அதை எழுதினாள்.